ராபினைக் கொன்ற 72 ஓட்டு! சூப்பர் ஹீரோக்கள் 'டார்க்' ஆனா ரசிகர்கள் ஏன் கடுப்பாகுறாங்க?

1988 செப்டம்பர். அமெரிக்காவில் அந்த மாத 'பேட்மேன்' காமிக்ஸை வாங்கியவர்களுக்கு, கடைசியில் இரண்டு போன் நம்பர்கள் காத்திருந்தன. ராபின் ஒரு வெடிவிபத்தில் சிக்கிக் கிடக்கிறான். அவன் பிழைக்கணும்னா ஒரு நம்பர், சாகணும்னா இன்னொரு நம்பர். ஒரு காலுக்கு 50 சென்ட். 36 மணி நேரம்தான் லைன் இருக்கும்.

பிழைக்கட்டும் என்று வந்த கால்கள் 5,271. சாகட்டும் என்று வந்தவை 5,343. வெறும் 72 ஓட்டு வித்தியாசத்தில் அந்தப் பையனின் கதை முடிந்தது. அடுத்த இதழில், இறந்த ராபினைத் தூக்கிக்கொண்டு பேட்மேன் நிற்கிறார்.

இந்த ராபின், ஜேசன் டாட். முதல் ராபினான டிக் கிரேசனுக்குப் பிறகு வந்தவன், முன்கோபி, நிறைய வாசகர்களுக்குப் பிடிக்காதவன். அதனால் ஓட்டுப் போட்டவர்களுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் இன்னிக்கு வரைக்கும் அந்தச் சம்பவம் காமிக்ஸ் ரசிகர்களைத் துரத்துது. 'எங்க ஹீரோக்களை ஏன் இவ்ளோ இருட்டாக்கிட்டீங்க?' என்று கம்பெனிகளைப் பார்த்துக் கேட்கும்போதெல்லாம், 'போன் பண்ணது யாரு?' என்ற பதில் கேள்வி ரெடியாக இருக்கிறது.

சூப்பர்மேன் வில்லனின் கழுத்தை முறிக்கிறார். கேப்டன் அமெரிக்கா எதிரியின் ஆளாகிறார். ஃப்ளாஷ் சக ஹீரோக்களின் மரணத்துக்குக் காரணமாகிறார். இப்படி ஒவ்வொரு முறை நடக்கும்போதும் ரசிகர்கள் கொந்தளிப்பது ஏன்? அந்தக் கோபத்தில் எது நியாயம், எது ஓவர்? முழுக் கதையையும் பார்த்துடலாம்.

(கீழே பல காமிக்ஸ்களின் ஸ்பாய்லர்கள் உண்டு. உஷார்!)

ஆரம்பத்துல எல்லாரும் நல்லவங்களா?

இல்லை. இதுதான் முதல் ஆச்சர்யம்.

1938-ல் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கிய சூப்பர்மேன் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வந்தார். மனைவியை அடிக்கும் கணவனைச் சுவரில் தூக்கி எறிவார், ஊழல் ஆசாமியை உயரத்தில் தூக்கிக்கொண்டு ஓடி பயமுறுத்துவார். 1939-ல் பாப் கேனும் பில் ஃபிங்கரும் உருவாக்கிய பேட்மேன், தொடக்க காலத்தில் துப்பாக்கி வைத்திருந்தார். வில்லன்கள் செத்தால் பெரிதாக அலட்டிக்கொள்ளவும் மாட்டார். 'பேட்மேன் கொல்ல மாட்டார்' என்ற விதி சீக்கிரமே வந்ததுதான். ஆனாலும் அது பிறக்கும்போதே கூட வந்த விதி இல்லை.

நாம் 'கிளாசிக்' என்று நினைக்கும் அந்தப் பளிச் ஹீரோக்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1954-ல் ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதினார். அமெரிக்க செனட்டின் துணைக்குழு விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை அமைப்பை உருவாக்கிக்கொண்டார்கள். அதுதான் 'காமிக்ஸ் கோட்'. குற்றவாளி ஜெயிக்கக் கூடாது, போலீஸை மரியாதைக் குறைவாகக் காட்டக் கூடாது, ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன் எல்லாம் கூடாது என்று ஏகப்பட்ட 'கூடாது'கள்.

அதுக்கப்புறம் வந்ததுதான் வண்ணமயமான, ஜாலியான காலம். 1966-ல் ஆடம் வெஸ்ட் நடித்த பேட்மேன் டி.வி தொடர் அதன் உச்சம். ஒரு தலைமுறைக்கு பேட்மேன் என்றால் அந்தச் சிரிப்பு பேட்மேன்தான்.

ஆக, பளிச் என்று இருந்ததும் ஒரு காலகட்டத்தின் கட்டாயம்தான். 'ஒரிஜினல் ஹீரோ இப்படித்தான்' என்று யாராவது அடித்துச் சொன்னால், 'எந்த வருஷத்து ஒரிஜினல்?' என்று கேட்கலாம்.

முதல் விரிசல்

அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை, போதைப்பொருளின் ஆபத்தைப் பற்றி ஒரு கதை எழுதும்படி மார்வெலின் ஸ்டான் லீயைக் கேட்டது. அவர் எழுதிய ஸ்பைடர்மேன் கதைக்கு காமிக்ஸ் கோட் முத்திரை கிடைக்கவில்லை. 1971-ல் முத்திரை இல்லாமலே மூன்று இதழ்களை வெளியிட்டார்கள். அதே வருடம் விதிகளும் தளர்ந்தன.

1973-ல் அடுத்த இடி. ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேஸியை கிரீன் காப்ளின் பாலத்திலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வலையை வீசிப் பிடிக்கிறார். ஆனால், க்வென் உயிரோடு இல்லை. விழுந்ததால் செத்தாளா, வலை சட்டென இழுத்ததால் செத்தாளா? ஹீரோ காப்பாற்றிவிடுவார் என்ற நம்பிக்கை முதன்முறையாக உடைந்த இடம் அது.

ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் இன்றும் ஸ்பைடர்மேன் வரலாற்றின் முக்கியமான கதைகளில் அதற்கு இடம் உண்டு. காரணம், அந்த மரணம் பீட்டர் பார்க்கரின் குணத்தை உடைக்கவில்லை. அவன் அதே பீட்டர்தான். வலி மட்டும் கூடியது. இந்தப் பாயின்ட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1986: எல்லாத்தையும் மாத்தின வருஷம்

அந்த ஒரே வருடத்தில் இரண்டு தொடர்கள் ஆரம்பித்தன.

ஒன்று, ஃபிராங்க் மில்லரின் 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்'. ஓய்வுபெற்ற, 55 வயது பேட்மேன் திரும்பவும் களத்தில் இறங்குகிறார். கரடுமுரடான, கோபக்கார, உடம்பெல்லாம் வலிக்கும் பேட்மேன்.

இன்னொன்று, ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'வாட்ச்மென்'. முகமூடி மாட்டிக்கொண்டு தெருவில் சண்டை போடுபவர்கள் நிஜத்தில் எப்படிப்பட்ட ஆட்களாக இருப்பார்கள் என்று யோசித்த கதை.

இரண்டும் மாஸ்டர்பீஸ். அதில் சந்தேகமே இல்லை. ஆனால், இந்த இரண்டிலும் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு.

'டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' எதிர்காலத்தில் நடக்கும் கதை. மாதா மாதம் வந்துகொண்டிருந்த பேட்மேனை அது தொடவில்லை. 'வாட்ச்மென்' இன்னும் சுவாரஸ்யம். டி.சி நிறுவனம் வாங்கி வைத்திருந்த சார்ல்டன் என்ற பழைய கம்பெனியின் ஹீரோக்களை வைத்துத்தான் ஆலன் மூர் முதலில் அதைத் திட்டமிட்டார். எடிட்டர் டிக் ஜியோர்டானோ தடுத்தார். இந்தக் கதை முடிந்தபின் அந்த ஹீரோக்களை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாதே என்பது அவர் கவலை. அதனால் மூர் புது கேரக்டர்களை உருவாக்கினார். 'கொஸ்டின்' என்ற ஹீரோவின் சாயலில் ரோர்ஷாக் பிறந்தான். கேப்டன் ஆட்டம் டாக்டர் மன்ஹாட்டன் ஆனார்.

அதாவது, டார்க் காமிக்ஸின் இரண்டு தலைவாசல்களுமே யாருடைய ஹீரோவையும் உடைக்கவில்லை. வேலி போட்டு, வேலிக்கு உள்ளே விளையாடின. பின்னாடி வந்தவர்கள் இருட்டை எடுத்துக்கொண்டார்கள், வேலியை விட்டுவிட்டார்கள். ரசிகர்களின் கோபம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வேலி தாண்டிய கதைகள்

1988-ல் வந்த 'தி கில்லிங் ஜோக்' நல்ல உதாரணம். ஆலன் மூர் எழுத்து, பிரையன் போலண்ட் ஓவியம். ஜோக்கர், கமிஷனர் கார்டனின் மகள் பார்பராவைச் சுடுகிறான். அவள்தான் ஒரு காலத்தில் பேட்கேர்ள். தனித்து நிற்கும் கதையாக வந்தாலும், அதில் நடந்தது மெயின் தொடரிலும் உண்மையாகிவிட்டது. பார்பரா சக்கர நாற்காலிக்குப் போனாள். அவளுக்கு நடந்த கொடுமை, அவளுடைய கதையாக இல்லாமல் இரண்டு ஆண்களைச் சோதிக்கும் கருவியாக மட்டும் இருந்தது. இதுதான் பலரின் வருத்தம். ஆலன் மூரே பிற்காலத்தில் அந்தக் கதை குறித்து அதிருப்தியாகப் பேசியிருக்கிறார்.

1994-ல் கிரீன் லான்டர்ன். 1959-லிருந்து ஹால் ஜோர்டன்தான் அந்த மோதிரத்தைப் போட்டிருந்தார். பயமே இல்லாதவர், நேர்மையானவர். அவருடைய ஊர் அழிந்துபோகிறது. அந்தச் சோகத்தில் புத்தி பேதலித்து, கூடவே போராடிய சக லான்டர்ன்களை வீழ்த்தி, நண்பன் கிலோவாக்கைக் கொன்று வில்லனாகிறார். 35 வருடம் கட்டிய கேரக்டரை மூன்றே இதழ்களில் இடித்துத் தள்ளினார்கள். ரசிகர்கள் சிலர் 'ஹீட்' என்ற பெயரில் அணி திரண்டு, ஹாலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி வருடக்கணக்கில் போராடினார்கள்.

புது கிரீன் லான்டர்னாக கைல் ரெய்னர் வந்தார். அதே வருடம், அவருடைய காதலியைக் கொன்று ஃபிரிட்ஜுக்குள் திணித்து வைத்தான் ஒரு வில்லன். எதுக்கு? ஹீரோவுக்குக் கோபம் வர. அவ்வளவுதான். 1999-ல் கெயில் சிமோன் என்ற வாசகி, இப்படி ஹீரோக்களின் கதைக்காகக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் கேரக்டர்களின் பட்டியலை 'ஃபிரிட்ஜுக்குள் பெண்கள்' என்ற பொருள்படும் பெயரில் வெளியிட்டார். பட்டியல் நீண்டுகொண்டே போனது. இன்று சினிமா விமர்சனங்களில்கூட 'ஃபிரிட்ஜிங்' என்ற வார்த்தை வருவது அங்கிருந்துதான்.

2004-ல் 'ஐடென்டிட்டி கிரைசிஸ்'. எலாங்கேட்டட் மேன், அவர் மனைவி சூ டிப்னி இருவரும் காமிக்ஸ் உலகின் கலகல ஜோடி. துப்பறிவார்கள், ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொள்வார்கள். அந்த சூ கொல்லப்படுகிறாள். அதோடு நிற்கவில்லை. பல வருடங்களுக்கு முன்பு அவள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள் என்றும், ஹீரோக்கள் சிலர் அந்த வில்லனின் மூளையை மாற்றி விஷயத்தை மறைத்தார்கள் என்றும் கதை சொன்னது. விற்பனையில் பெரிய ஹிட். ஆனால், பழைய ஜாலி கதைகளை இனி எடுத்துப் படித்தாலும் இந்த நிழல் மேலே விழுகிறதே, அதற்கு என்ன செய்ய?

டார்க் ரீஇன்வென்ஷனின் நிஜமான வலி இதுதான். அது அடுத்த மாத இதழை மட்டும் மாற்றுவதில்லை, நீங்கள் சின்ன வயதில் படித்து முடித்த இதழையும் சேர்த்து மாற்றிவிடுகிறது.

கேப்டன் அமெரிக்கா விஷயத்துல ஏன் அவ்ளோ சூடு?

2016 மே மாதம். புதிதாக ஆரம்பித்த கேப்டன் அமெரிக்கா தொடரின் முதல் இதழ். கடைசிப் பக்கத்தில் ஸ்டீவ் ரோஜர்ஸ், தான் எதிரி இயக்கமான ஹைட்ராவின் விசுவாசி என்று காட்டிக்கொள்கிறார். சின்ன வயதிலிருந்தே அவர் அவர்களுடைய ஆள்தான் என்றது கதை.

இது வெறும் 'ட்விஸ்ட்' ஆக ஏன் எடுபடவில்லை? ஜோ சைமன், ஜாக் கிர்பி ஆகிய இருவர்தான் கேப்டன் அமெரிக்காவை உருவாக்கியவர்கள். இருவரும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்கள். முதல் இதழின் அட்டையில் கேப்டன், ஹிட்லரின் முகத்தில் ஒரு குத்து விடுவார். அந்த இதழ் கடைகளுக்கு வந்தபோது அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியிருக்கவே இல்லை. அப்படி ஒரு துணிச்சலில் பிறந்த கேரக்டரை, நாஜிகளோடு கைகோத்த ஒரு இயக்கத்தின் ஆளாகக் காட்டியது பலருக்கு அவமதிப்பாகவே பட்டது.

காஸ்மிக் க்யூப் என்ற சக்தியால் அவருடைய கடந்த காலம் மாற்றி எழுதப்பட்டது என்று கதை பிறகு விளக்கியது. 2017-ல் நிஜமான ஸ்டீவ் திரும்பி வந்தார். ஆனால், அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மாதத் தொடரில் அது ரொம்ப நீளம்.

வாலி வெஸ்ட்: ஒரு அணைப்பும் ஒரு அடியும்

இந்த மொத்தப் பிரச்னையையும் ஒரே கேரக்டரில் புரிந்துகொள்ள வேண்டும் என்றால், வாலி வெஸ்ட்டைப் பாருங்கள்.

1959-ல் கிட் ஃப்ளாஷாக அறிமுகமானவன் வாலி. 1985-ல் பேரி ஆலன் இறந்த பிறகு ஃப்ளாஷ் ஆனான். ஒரு தலைமுறை வாசகர்கள் அவனோடு வளர்ந்தார்கள். குருவின் இடத்தை நிரப்ப முடியுமா என்று பயந்தவன், காதலித்தான், கல்யாணம் செய்தான், அப்பா ஆனான். சூப்பர் ஹீரோ காமிக்ஸில் ஒருவன் நம்மோடு சேர்ந்து வளர்வது ரொம்ப அபூர்வம்.

2011-ல் டி.சி தன் மொத்த உலகத்தையும் 'நியூ 52' என்று புதிதாக ஆரம்பித்தபோது, அந்த வாலி காணாமல்போனான். ஐந்து வருடம். 2016-ல் 'ரீபர்த்' இதழில் திரும்பி வந்தான். யாருக்கும் அவனை ஞாபகம் இல்லை. கரைந்து மறையப்போகும் கடைசி நொடியில் பேரிக்கு ஞாபகம் வருகிறது, கையைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொள்கிறான். அந்தப் பக்கத்தைப் பார்த்து அழுத ரசிகர்கள் உண்டு. இருட்டுக் காலம் முடிந்தது, நம்பிக்கை திரும்புகிறது என்று டி.சியே சொல்வது போல இருந்தது.

அடுத்து 2018-ல் டாம் கிங் எழுதிய 'ஹீரோஸ் இன் கிரைசிஸ்'. மனக்காயங்களோடு வாழும் ஹீரோக்கள் ரகசியமாக சிகிச்சை எடுக்கும் 'சேங்ச்சுவரி' என்ற இடம். ஐடியா அருமை. சூப்பர் ஹீரோக்களும் கவுன்சலிங் போகலாம் என்று சொல்வது எவ்வளவு நல்ல விஷயம்! ஆனால் அங்கே பலர் செத்துக் கிடக்கிறார்கள். கடைசியில் காரணம் வாலி என்று தெரிகிறது. குடும்பத்தை இழந்த துக்கத்தில் கட்டுப்பாடு போய், அவன் சக்தி வெடித்து எல்லோரையும் கொன்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, பழியை வேறு இருவர் மேல் போடுகிறான்.

ரசிகர்களின் கோபம் இரண்டு அடுக்கு. ஒன்று, நம்பிக்கையின் அடையாளமாகத் திரும்பி வந்தவனையே கொலைகாரன் ஆக்கியது. இரண்டாவது இன்னும் முக்கியம். உதவி கேட்டு சிகிச்சைக்குப் போன ஒருவன், கூட இருப்பவர்களுக்கு ஆபத்தானவன் என்று அந்தக் கதை முடிகிறது. நிஜ வாழ்க்கையில் கவுன்சலிங் போகத் தயங்குபவர்களின் காதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பயம் அதுதானே! எழுத்தாளரின் நோக்கம் நிச்சயம் அது இல்லை. ஆனால், வாசிப்பவருக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான்.

2021-ல் ஜெரிமி ஆடம்ஸ் எழுதிய ஃப்ளாஷ் தொடர், வாலி மீது தவறில்லை என்று கதையைச் சரிசெய்தது. குடும்பத்தோடு மீண்டும் சிரிக்கும் வாலியை ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

தெரிஞ்சும் ஏன் திரும்பத் திரும்ப பண்றாங்க?

எழுத்தாளர்களுக்கு ரசனை இல்லை என்று திட்டுவது சுலபம். ஆனால், காரணங்கள் வேறு.

வாசகர்களுக்கு வயசாச்சு: ஒரு காலத்தில் காமிக்ஸ், தெருமுனைக் கடையில் சிறுவர்கள் சில்லறை கொடுத்து வாங்கும் பொருள். 1980-களில் அது தனி காமிக்ஸ் கடைகளுக்கு நகர்ந்தது. அங்கே வாராவாரம் வருபவர்கள் பெரியவர்கள். கதைகளும் அவர்களோடு சேர்ந்து வயதானது.

ஹீரோவுக்கு வயசாகாது: சூப்பர்மேன் ஓய்வுபெற முடியாது. நிரந்தரமாகச் சாகவும் முடியாது. பல பத்தாண்டுகளாக ஓடும் கதையில் புதிதாக என்ன செய்வது? 'இதுவரை அவர் செய்யவே செய்யாத ஒன்றைச் செய்ய வை' என்பதுதான் சுலபமான வழி. நல்லவன் இதுவரை செய்யாதது எல்லாம் கெட்டதாகத்தானே இருக்கும்?

செய்தி ஆகணும்: சூப்பர்மேன் ஒரு பூனையைக் காப்பாற்றினால் யாரும் செய்தி போட மாட்டார்கள். 1992 நவம்பரில் சூப்பர்மேன் செத்தபோது, காமிக்ஸே படிக்காதவர்கள்கூட வரிசையில் நின்று வாங்கினார்கள். கறுப்புக் கவரில், துக்கப் பட்டையோடு லட்சக்கணக்கில் விற்றது. அடுத்த வருடமே அவர் திரும்பி வந்துவிட்டார். அந்தப் பாடத்தை எந்தக் கம்பெனியும் மறக்கவில்லை.

எழுதுறவங்களும் ரசிகர்கள்தான்: 1986-ன் இரண்டு மாஸ்டர்பீஸ்களைப் படித்து வளர்ந்தவர்கள் பிற்காலத்தில் எழுத வந்தார்கள். 'சீரியஸான காமிக்ஸ்னா இருட்டா இருக்கணும்' என்பது பலருக்கு மனதில் பதிந்துவிட்டது.

காமிக்ஸே சொன்ன பதில்கள்

இந்தக் கோபம் ரசிகர்களுக்கு மட்டும் இல்லை. எழுத்தாளர்களுக்கும் இருந்தது. அவர்கள் கதையாலேயே பதில் சொன்னார்கள்.

1996-ல் மார்க் வெய்டும் அலெக்ஸ் ராஸும் செய்த 'கிங்டம் கம்'. ஜோக்கரைக் கொன்ற புதுத் தலைமுறை ஹீரோவை மக்கள் கொண்டாட, மனம் வெறுத்து சூப்பர்மேன் ஒதுங்கிவிடுகிறார். பத்து வருடம் கழித்து அவர் திரும்ப வரும்போது, உலகம் ஹீரோக்களாலேயே சீரழிந்து கிடக்கிறது. கொல்லும் ஹீரோக்கள்தான் கெத்து என்ற 90-களின் ஃபேஷனுக்கு அது நேரடி பதில்.

2001-ல் ஜோ கெல்லி எழுதிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 775-வது இதழ். வில்லன்களைக் கூசாமல் கொல்லும் 'எலைட்' என்ற குழு. சூப்பர்மேன் பழைய பஞ்சாங்கம் என்று கேலி. கடைசியில் சூப்பர்மேனும் அவர்களைப் போலவே மாறிவிட்டதாகக் காட்டுகிறார். பார்ப்பவர்களுக்கு ரத்தம் உறைகிறது. யாரையும் கொல்லவில்லை, அது நடிப்பு என்று தெரியும்போதுதான் கேள்வி நம்மிடம் வருகிறது: 'நீங்க கேட்ட ஹீரோ இவர்தானா?'

2005-ல் தொடங்கிய கிரான்ட் மாரிசன், ஃபிராங்க் க்வைட்லியின் 'ஆல் ஸ்டார் சூப்பர்மேன்'. சாகப்போகிறோம் என்று தெரிந்த சூப்பர்மேன் கடைசி நாட்களில் என்ன செய்வார்? உயிரை விடத் துணிந்து மாடி விளிம்பில் நிற்கும் ஒரு பெண்ணின் அருகில் போய், அணைத்து ஆறுதல் சொல்கிறார். ஒரே பக்கம்தான். சண்டை இல்லை. மரணம், தனிமை, மனச்சோர்வு எல்லாம் அந்தக் கதையில் இருக்கு. ஆனாலும் அதை யாரும் டார்க் என்று சொல்வதில்லை. 2025-ல் வந்த 'சூப்பர்மேன்' படத்துக்கு இந்தத் தொடர் தனக்குத் தூண்டுதல் என்று இயக்குநர் ஜேம்ஸ் கன் சொல்லியிருக்கிறார்.

அப்போ டார்க்னா தப்பா?

இல்லவே இல்லை. டார்க் ஆக்கியதால் பிழைத்த கேரக்டர்கள் நிறைய.

1964-லிருந்து இறந்தவனாகக் கருதப்பட்ட பக்கியை, 2005-ல் எட் ப்ரூபேக்கர் மூளைச்சலவை செய்யப்பட்ட கொலையாளியாகத் திரும்பக் கொண்டுவந்தார். அதுதான் 'வின்டர் சோல்ஜர்'. சுட்டுத்தள்ளப்பட்ட பார்பரா, 1989-ல் 'ஆரக்கிள்' என்ற பெயரில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து ஹீரோக்களுக்கே வழிகாட்டினாள். மாற்றுத்திறனாளி வாசகர்கள் தங்களைப் பார்த்துக்கொண்ட கேரக்டர் அது. அந்த ஃபிரிட்ஜ் பட்டியலைத் தொகுத்த கெயில் சிமோனே பிறகு எழுத்தாளராகி, ஆரக்கிளின் கதைகளை எழுதினார். 2011-ல் பார்பரா மீண்டும் எழுந்து நடந்து பேட்கேர்ள் ஆனபோது, 'எங்க ஆரக்கிளை ஏன் எடுத்துட்டீங்க?' என்று வருந்தியவர்களும் உண்டு.

'தி பாய்ஸ்', 'இன்வின்சிபிள்' இரண்டிலும் ரத்தம் ஆறாக ஓடுது. ஆனால், 'எங்க ஹோம்லேண்டரை ஏன் கெட்டவன் ஆக்குனீங்க?' என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. புது கேரக்டர்கள், வேலிக்குள் விளையாட்டு. 2024-ல் வந்த 'அப்சல்யூட் பேட்மேன்' பயங்கர இருட்டு. ஆனாலும் செம ஹிட். அது தனி உலகம், பழைய பேட்மேன் பக்கத்திலேயே பத்திரமாக இருக்கிறார்.

ஆக, ஒரு டார்க் கதை வந்தால் மூன்று கேள்விகள் போதும். முதலாவது, இது தனி உலகமா, மெயின் தொடரா? இரண்டாவது, இருட்டு ஹீரோவைச் சுற்றி வருதா, இல்லை அவர் எதற்காக நிற்கிறாரோ அதையே தின்கிறதா? க்வென் மரணத்துக்கும் ஹால் ஜோர்டன் வீழ்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மூன்றாவது, அதன் விளைவைக் கதை சுமக்குதா? 1988-ல் ஒரு கதையில் சூப்பர்மேன் மூன்று குற்றவாளிகளுக்கு மரணதண்டனை கொடுக்கிறார். ஆனால், அந்தக் குற்றவுணர்ச்சியில் உடைந்து, பூமியைவிட்டே தன்னை நாடுகடத்திக்கொள்கிறார். 2013-ல் 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் ஜாட்டின் கழுத்தை முறித்துவிட்டுக் கதறுகிறார். கொஞ்ச நேரத்தில் படம் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. பலருக்கு உறுத்தியது கொலையைவிட அந்த அவசரம்தான்.

நம்ம மாயாவியும் சிக்கினார்!

இந்தக் கதையில் தமிழ் வாசகர்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. 1972-ல் முத்து காமிக்ஸ் மூலம் தமிழுக்கு வந்த 'இரும்புக்கை மாயாவி', பின்னர் லயன் காமிக்ஸில் கலக்கிய 'ஸ்பைடர்', 'ஆர்ச்சி' ரோபோ மூவருமே பிரிட்டிஷ் காமிக்ஸ் ஹீரோக்கள். 2005-ல் ஆலன் மூர் கதைக்கரு கொடுத்து, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய 'ஆல்பியன்' தொடரில், இந்தப் பழைய ஹீரோக்களை அரசாங்கமே ரகசியச் சிறையில் அடைத்து வைத்திருக்கிறது! அப்பா, மாமா தலைமுறையின் மாயாவி ஃபேன்களிடம் சொல்லிப் பாருங்கள், முகம் போகிற போக்கைக் காணலாம்.

இன்னொரு சுவாரஸ்யம். மாயாவி ஆரம்பத்தில் தன் சக்தியைக் குற்றத்துக்குப் பயன்படுத்தியவர். ஸ்பைடரோ குற்றச் சக்கரவர்த்தி ஆக நினைத்தவர். இருவரும் பிறகுதான் நல்லவர்கள் ஆனார்கள். அந்த ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர் யார் தெரியுமா? சூப்பர்மேனை உருவாக்கிய அதே ஜெர்ரி சீகல்! இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த ஹீரோக்களை நம் ஊர் வாசகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். கேரக்டர் மாறுவதில் ரசிகனுக்குப் பிரச்னை இல்லை, எந்தத் திசையில், எவ்வளவு நியாயத்தோடு மாறுகிறது என்பதில்தான் பிரச்னை.

ரசிகர்களுக்கும் ஒரு எல்லைக்கோடு

2012 டிசம்பரில் பீட்டர் பார்க்கரின் உடலை டாக்டர் ஆக்டோபஸ் கைப்பற்ற, பீட்டர் இறந்துபோனார். எழுத்தாளர் டான் ஸ்லாட்டுக்குக் கொலை மிரட்டல்களே வந்தன. ஹீரோ கொல்லக் கூடாது என்று சொல்பவர்கள், எழுதியவரைக் கொல்வோம் என்று மிரட்டுவது என்ன நியாயம்? அதற்குப் பிறகு வந்த 'சுப்பீரியர் ஸ்பைடர்மேன்' நல்ல வரவேற்பைப் பெற்றது. 2014-ல் பீட்டரும் திரும்பி வந்துவிட்டார்.

பிடிக்கவில்லையா, வாங்காதீங்க. ஏன் பிடிக்கலைன்னு எழுதுங்க. கெயில் சிமோன் செய்தது அதுதான். ஒரு பட்டியல்தான் போட்டார். அது ஒரு தலைமுறை எழுத்தாளர்களை யோசிக்க வைத்தது.

2023-ல் காமிக்ஸ் உலகின் ஆஸ்கர் எனப்படும் ஐஸ்னர் விருதுகளில், சிறந்த தொடருக்கான விருதை 'நைட்விங்' வாங்கியது. முதல் ராபினான டிக் கிரேசன் வளர்ந்து பெரியவனாகி, தனக்குக் கிடைத்த சொத்தை வைத்து ஊருக்கு நல்லது செய்யும் கதை. சிரிப்பும் நட்பும் ஒரு நாய்க்குட்டியும் நிறைந்தது. எழுதியவர் டாம் டெய்லர். சூப்பர்மேன் சர்வாதிகாரி ஆகும் 'இன்ஜஸ்டிஸ்' காமிக்ஸை எழுதிய அதே டாம் டெய்லர்!

காமிக்ஸுக்குப் புதுசா? 'ஆல் ஸ்டார் சூப்பர்மேன்' 12 இதழ்தான், அங்கிருந்து ஆரம்பிங்க. அடுத்து 'வாட்ச்மென்' படிங்க. வெளிச்சத்தை முதல்ல பார்த்துட்டா, இருட்டு எதைத் தொடுது, எதைத் தொடக் கூடாதுன்னு உங்களுக்கே புரிஞ்சுடும். 1988-ல் அந்த போன் நம்பர் உங்க கையில கிடைச்சிருந்தா, எந்த லைனுக்கு கால் பண்ணியிருப்பீங்க?